ராஜராஜேஸ்வரி மேடம் எழுதாமல் விட்ட கடைசி அத்தியாயம்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நாற்காலி போதாமல் ஜன்னலோரம் நிற்கும் எங்கள் கிளை நூலகத்து வாசகர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பு மகள் ஷிவானி, அனைவருக்கும் என் வணக்கம்.

நூலகர், துப்பறியும் கதை எழுத்தாளர், பெருமதிப்பிற்குரிய ராஜராஜேஸ்வரி அம்மையாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாளாகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்கு உதவியாளராக இருந்தவன் இந்த இராமலிங்கம். நான் அழுவதற்காக மேடை ஏறவில்லை. எழுபத்தொரு வயதுவரை நிறைவாக வாழ்ந்தவருக்கு அழுகை எதற்கு? அழுதால் நூலகத்தில் சத்தம் போட்டவனைப் பார்ப்பதுபோல முறைப்பார்.

ஒன்பது நாவல்கள் எழுதினார். ஒன்றிலாவது கொலை உண்டா? ரத்தம் உண்டா? ஒரு சின்ன ஊர் நூலகம், அங்கே காணாமல் போகும் ஒரு பொருள், அதைக் கண்டுபிடிக்கும் ஒரு நூலகர் அம்மா. அவ்வளவுதான்! திருடனைப் பிடித்ததும் அந்த அம்மா என்ன செய்வார்? உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்கள்கூட அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்டு வந்தார்கள். நம் ஊர்க்காரர்களையே பெயர் மாற்றிக் கதையில் வைப்பார். அதில் யாருக்கும் கோபம் இல்லை, திருடனாக இடம் கிடைக்காதவர்களைத் தவிர. இதோ நிற்கிறாரே ஆட்டோ முருகையன், அவர் நேராகவே கேட்டார்: "ஒம்போது புக்குலயும் சாட்சியாவே நிக்கிறேன் மேடம். ஒரு தபாவாவது என்னைத் திருடனா போடுங்க."

பத்தாவது நாவல் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறது. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. முடிவு வராவிட்டால் அச்சிட முடியாது என்கிறார் பதிப்பாளர். நியாயம்தானே? ஷிவானி அதை என்னிடம் கொடுத்தார். ஒரே மூச்சில் படித்தேன். அந்தக் கதையில் காணாமல் போவது, வாசகர்கள் தினமும் கையெழுத்திடும் வருகைப் பதிவேடு.

அன்பர்களே, அது பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் நூலகத்தில் நடந்தது! வாசகர் வரவு கம்மி, கிளையை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்த சமயம். ஆய்வுக்கு முந்தின நாள் பதிவேட்டைக் காணவில்லை. மூன்று நாள் தேடினோம். நானும் கூடவே தேடினேன். மேலிடத்திலிருந்து மேடத்துக்கு மெமோ வந்தது. கவனக்குறைவு என்னுடையது என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அவர் பதவி உயர்வு தள்ளிப்போனது. கிளையை மூடும் முடிவுக்கு மேலிடத்தில் மூன்று மாதம் அவகாசம் கேட்டு வாங்கி, அதற்குள் தெருத்தெருவாக நடந்து நானூறு பேரை உறுப்பினராகச் சேர்த்தார். நூலகம் பிழைத்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த மேடத்திடம் ஷிவானி கதையின் முடிவைக் கேட்டிருக்கிறார். "அதை இராமலிங்கம் சார்தான் எழுதணும். அவருக்குத் தெரியும். அவரா சொல்லட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றார் என்னிடம்.

சொல்கிறேன். பதிவேட்டை எடுத்தவன் நான்தான். நூலகத்தை மூடிவிடுவார்களே என்று வராதவர்கள் பெயரிலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தேன். கிரிவலம் போகும் வழியில் தண்ணீர் குடிக்க ஏறியவர்களை வாசகர்களாக எழுதினேன். இறந்துபோன இரண்டு உறுப்பினர்கள் அந்த மாதம் ஒரு நாள் தவறாமல் வந்து பேப்பர் படித்தார்கள்! ஆய்வு என்றதும் பயந்துபோய்ப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்துவிட்டேன்.

மேடத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டாரா? ஓய்வு பெறும்வரை தினமும் நாலு மணிக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிட, இன்று மனசு லேசாக இருக்கிறது.

இந்த மாதத்துக்குள் அந்த அத்தியாயத்தை எழுதி முடிப்பேன். முதலில் நம் வாசகர் வட்டத்தில் உங்கள் முன் படிப்பேன். அதில் திருடனின் பெயரை மாற்ற மாட்டேன். இராமலிங்கம் என்றே இருக்கும். மேடம், அன்றைக்கு அந்த மெமோவுக்கு என் சார்பில் நீங்கள் பதில் எழுதினீர்கள். இனி என் பதிலை நான் எழுதுகிறேன்.