இடது லென்ஸில் ஒட்டிய வலது கண்

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, ‘பாலிஷ்’ என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். வயது நாற்பத்து நான்கு. ஸ்டுடியோவுக்குப் பின்கட்டடத்தில் இரண்டாம் மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டுடியோவில் படம் திருத்துகிறேன். பரு, வடு, வியர்வை, மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டு அடிக்கும் கிளேர், இவற்றை எடுப்பது என் வேலை. யாரும் மிரட்டி என்னை அழைத்து வரவில்லை, நானாகத்தான் இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்தேன்.

சென்ற மாதம் எட்டாம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணி அளவில் ஒரு கணவனும் மனைவியும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். கணவனை ‘அவர்’ என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார், வேண்டாம் என்று சொன்னேன், எனக்கு ‘அந்த ஆள்’ என்றுதான் வாயில் வருகிறது. அந்த ஆள் தேய்த்த சட்டை போட்டு, வாயில் பெப்பர்மின்ட் அடக்கியிருந்தான். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், பெரிய வட்ட மூக்குக்கண்ணாடி, முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. நான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் பக்கவாட்டில் மட்டுமே பார்த்தேன்.

எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி போட்டவர்களை இரண்டு படம் எடுப்பது வழக்கம். கண்ணாடியோடு ஒன்று, தலையை அசைக்காமல் அதைக் கழற்றிவிட்டு ஒன்று. லென்ஸில் வெளிச்சம் அடித்துக் கண்ணை மறைத்தால் கழற்றிய படத்திலிருந்து அதே கண்ணை எடுத்து வைத்துவிடுவோம். அன்றும் முதலாளி, “கண்ணாடியக் கழட்டும்மா, இன்னொண்ணு எடுத்துக்கலாம்” என்று சொன்னார். அந்தப் பெண்ணின் கை காதுவரை போனது. “அதெல்லாம் வேணாம் சார், கண்ணாடியோடதான் இவளுக்குக் களை” என்று அந்த ஆள் சொன்னதும் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. முதலாளிக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லையா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அதன் பிறகு படம் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. வலது லென்ஸ் சுத்தமாக இருந்தது. இடது லென்ஸ் முழுக்கப் பால் கலந்த பச்சையாகக் கிளேர் அடித்திருந்தது. அந்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளை ஒட்டி உட்கார்ந்தான், பெப்பர்மின்ட் மூச்சு என் கன்னத்தில் அடித்தது. கழற்றிய படம் இல்லாததால் வலது கண்ணை வெட்டி, இடம்வலமாகத் திருப்பிப் போட்டு, இடது லென்ஸுக்குள் ஒட்டினேன். அவசரத்துக்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். லென்ஸ் விளிம்புக்குக் கீழே, கன்னத்தில், ஒரு விரல் அகலத்துக்கு நீலமாக இருந்தது. அந்த ஆள் திரையைத் தொட்டுக் காட்டி, “குழந்தை தூங்க விடுறதில்ல சார், கருவளையம், அதையும் எடுத்துடுங்க” என்றான். எடுத்தேன். அது எப்படியப்பா ஒரு கண்ணுக்கு மட்டும் கருவளையம் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு, “கீழ ஓரத்துல இன்னைக்குத் தேதி வர்ற மாதிரி போட்டுடுங்க” என்றான். கல்யாணப் படத்துக்கே இப்போதெல்லாம் யாரும் தேதி கேட்பதில்லை. போட்டுக் கொடுத்தேன். “உங்க கை தங்கம் சார்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை சொதசொதவென்று இருந்தது. இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

அந்தப் படத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். விளக்கு அந்தப் பெண்ணின் இடது கைப் பக்கம் நின்றது. ஆகவே வலது கண்ணின் கருவிழியில் விளக்கு பிரதிபலிக்கும் வெள்ளைப் பொட்டு மூக்குப் பக்கமும், இடது கண்ணில் காதுப் பக்கமும் விழ வேண்டும். கண்ணைத் திருப்பிப் போட்டால் பொட்டும் திரும்பிவிடும், அதை அழித்துச் சரியான பக்கம் வைக்க வேண்டும். அன்று டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு வந்து அதை மறந்துவிட்டேன். அந்தப் படத்தில் இரண்டு பொட்டும் மூக்குப் பக்கமே இருக்கின்றன. ஒரே விளக்குக்கு அப்படி விழவே விழாது. எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

அதன் பிறகு முதலாளி என் வேலையை மெச்சி, கிளேர் உள்ள படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ‘முன்’, ‘பின்’ என்று எழுதி வாசல் கதவருகே மாட்டினார். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று வாரம் தொங்கியது. வருகிறவர்கள் நின்று பார்த்து, “அட, கண்ணு எங்கிருந்துய்யா வந்துச்சு!” என்று வாயைப் பிளந்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ‘முன்’ என்ற படத்தில் லென்ஸுக்குக் கீழே அந்த நீலம் அப்படியே இருந்தது, ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. சீ, என்ன கண்கள் எங்களுடையவை.

இடையில் அந்த ஆள் போன் செய்து மூலப்படத்தை அழிக்கச் சொன்னதாக முதலாளி என்னிடம் சொன்னார். காரணம் கேட்டேன். “குடும்பப் படம், வெளிய போயிடக் கூடாதாம், அழிச்சிடு” என்றார். வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டி வைத்துவிட்டு வெளியே போகக் கூடாதாம். கேமராவிலிருந்து வந்த படத்தை அழித்துவிட்டேன். நான் வேலை செய்த கோப்பில் கிளேர் அடித்த படம் அடியிலும், ஒட்டிய கண் மேலே தனி அடுக்காகவும் இருந்தன, அந்தக் கோப்பு, என் வேலையின் மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் பென் டிரைவில் தங்கிவிட்டது.

அதன் பிறகு நேற்று காலை பத்தரை மணிக்கு அந்தப் பெண்ணும் அவருடைய அக்காவும் கடைக்கு வந்தார்கள். அக்காவின் கையில் நாங்கள் கொடுத்த படத்தின் நகல் இருந்தது. அக்கா சொன்னது இது. “ஆறாம் தேதி அடிச்சான். பத்தாம் தேதி எங்க வீட்டுக்கு ஓடி வந்துட்டா. எட்டாம் தேதி எடுத்ததுன்னு உங்க படத்தைக் கோர்ட்ல குடுத்து, பாருங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு, இவ அப்புறமா அக்கா வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டு என் மேல பழி போடுறாங்கறான். குழந்தை அவன்கிட்ட இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள நாங்க ஏதாவது காட்டலைன்னா இவ பொய்க்காரின்னு ஆயிடும், குழந்தையும் அங்கயே தங்கிடும்.” அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் வாசல் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ‘பின்’ என்ற படத்தைக் காட்டி, “இது என் கண்ணு இல்லண்ணா. என் கண்ண என்ன பண்ணீங்க?” என்று என்னைக் கேட்டார்.

முதலாளி, “நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு, நாங்க படம் எடுக்குறவங்க” என்று சொல்லிக்கொண்டே படத்தைக் கழற்றப் போனார். “யோவ், அதுல கை வச்சே, நடக்கிறதே வேற” என்று நான் கத்தினேன். இருபத்திரண்டு வருடத்தில் அவரை ‘யோவ்’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. படத்தை நானே கழற்றி எடுத்துக்கொண்டேன். அதையும் பென் டிரைவையும் இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஆய்வாளர், அந்தக் கிளேருக்கு அடியில் என்ன இருந்தது, அதைப் பார்க்க வழி உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லி, நிலையத்துக் கம்ப்யூட்டரில் என் கோப்பைத் திறந்து, ஒட்டிய கண்ணை எடுத்துவிட்டு, கிளேரின் மீது கருமையைக் கூட்டினேன். அந்தப் பெண்ணின் இடது கண் தெரிந்தது. வீங்கி, பாதி மூடி, இமையெல்லாம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. ஆய்வாளர் வரவழைத்திருந்த அந்தப் பெண்ணும் அக்காவும் அப்போது அறையில் இருந்தார்கள். “இதான் சார் என் கண்ணு” என்று அந்தப் பெண் ஆய்வாளரிடம் சொன்னார்.

இத்தனை சுலபமாகத் தெரிகிறதே, அன்றைக்கு ஏன் இப்படிப் பார்க்கவில்லை என்று ஆய்வாளர் கேட்டார்.

பார்த்தேன். கிளேர் எடுக்கும் எவனும் முதலில் செய்வது அதைத்தான். அன்று அந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போதே கருமையைக் கூட்டினேன், இதே கண் இதே மாதிரி திரையில் வந்தது. அந்த ஆள் பெப்பர்மின்ட்டைக் கடித்துக்கொண்டே, “அது வேணாம் சார், அந்தப் பக்கத்து நல்ல கண்ணைப் போட்டுடுங்க” என்றான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நான்கு அடி தூரம்கூட இல்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. “ரெண்டு நிமிஷம் சார்” என்று அவனிடம் சொன்னேன். இதை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. அவனை நினைத்தால் குமட்டுகிறது என்று மேலே சொன்னேன், அந்த இடத்தில் என்னையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாக்குமூலத்தை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசிப் பத்தியை வேண்டுமானால் விட்டுவிடலாம், உங்களுக்குத்தான் பாதகம் என்று சொன்னார். எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, நான் சொன்னது.

(கையொப்பம்)