முதுகு ஊசியும் சிவப்பு ஊடை நூலும்

பெயர் தேவசகாயம், வயது 71. செவிலிமேட்டில் குடியிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். காவல் நிலையத்தில் குழப்பமின்றிச் சொல்ல வேண்டும் என்பதால் முதலில் வரிசைப்படுத்துகிறேன்:

1. நான் போட்ட ஊசி.
2. அதற்கும் ரத்தக் கசிவுக்கும் தொடர்பில்லை என்பது.
3. நூல்.
4. என்னை அடித்தது.

நேற்று காலை தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில், பட்டு நெசவாளர் ராஜவேலுவின் நான்கு வயது மகனுக்கு, சிறுநீர்த்துவாரம் ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்ததைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தையை மயக்கியபின், விழித்ததும் வலி தெரியாமலிருக்க, முதுகெலும்பின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டேன். அளவை இருமுறை சரிபார்த்தேன். ஊசிக்கும் ரத்தத்துக்கும் தொடர்பில்லை. ராஜவேலு அறியாமல் பழி சொல்கிறார்.

அதன் பிறகு குழந்தையை வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே உறுப்பின் மேலிருந்த கட்டு ரத்தத்தில் நனைந்து தளர்ந்திருக்கிறது. நர்ஸ் கிரேஸ் வேறு நோயாளியிடம் இருந்திருக்கிறார். ராஜவேலு சட்டைப்பையில் கிடந்த, தறியில் குறுக்கே ஓட்டும் சிவப்பு ஊடை நூலை எடுத்துக் கட்டின் மேல் சுற்றி, தறியில் அறுந்த இழையை முடிவதுபோல் இறுக்கி முடிந்திருக்கிறார். இது அவர் மனைவி காயத்ரி பிறகு சொல்லித் தெரிந்தது. உடம்பு மரத்திருந்ததால் குழந்தை அழவில்லை. ரத்தம் ஊறிய கட்டின் மேல் சிவப்பு நூல் யார் கண்ணிலும் படவில்லை.

அதன் பிறகு கிரேஸ் அழைக்க, நான் போனேன். பாதங்கள் சிவந்து சூடாக இருந்தன. உறுப்பின் நுனி மட்டும் கறுத்திருந்தது. ராஜவேலு என் சட்டையைப் பிடித்து, “காலு சுடுது, நுனி கறுத்துக்கினு போவுது. முதுவுல என்னாத்தயா ஊத்தின?” என்றார். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் வாசலிலேயே நின்று, “ஊசி விஷயம் அவரையே கேளுப்பா” என்றார். நான் தடவிப் பார்த்தபோது விரலில் இழை தட்டியது. கத்திரிக்கோல் கேட்டேன். “இன்னும் அறுக்கப் போறியா, கெய்வா!” என்று ராஜவேலு காதோடு சேர்த்து அறைந்தார். கண்ணாடி விழுந்து உடைந்தது. அது இல்லாமலே நூலை வெட்டினேன். நிறம் மெல்லத் திரும்பியது. உள்தையல் பிழைக்குமா என்பது இன்னும் தெரியாது.

ராஜவேலு என் மீது புகார் கொடுத்திருக்கிறார். மகனின் உறுப்பை அவரே கட்டிக் கெடுத்தார் என்று அவர் மீது வழக்குப் பதியக் கேட்கிறேன்.

எழுதியதை அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். 1, 3, 4 நான் சொன்னபடி உண்மை. 2 உண்மையல்ல. அந்த ஊசி இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய்களை விரிக்கும். பாதம் சூடானது அதனால்தான். கசிவும் அதனால் கூடியிருக்கலாம். கட்டு நனையலாம், தொடாமல் கூப்பிடுங்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்லவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் அவர் நூலை எடுத்தார். வழக்குக் கேட்ட வரியை அடித்துவிட்டு, இதைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) தேவசகாயம்