இரண்டு விரல் இறக்கம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தேன், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் நாற்காலியில் கிரீஸ் ஒட்டாது. காப்பி மட்டும் வேண்டாம். நீங்கள் எழுதத் தொடங்குங்கள்.

பெயர் ஹில்தார்தோ. கலர்கா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் முப்பத்தோரு வருடமாக ஜீப் பழுது பார்க்கிறேன். இந்த மலையில் காப்பி மூட்டை சுமக்கும் பழைய வில்லிஸ் ஜீப்புகளில் பாதியாவது என் கைக்கு வந்து போனவை. என் பட்டறைக்குள் வந்ததைவிட மோசமாக எந்த வண்டியும் வெளியே போனதில்லை. ஆர்சேசியோவின் வண்டியும் வந்தபடியேதான் திரும்பிப் போனது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஐம்பத்து நான்காம் வருடத்து வண்டி, சிவப்பு. அதன் எஞ்சினை மூன்று தடவை இறக்கி ஏற்றியவன் நான். காகிதத்தில் அது ஆர்சேசியோவின் சொத்து, அவ்வளவுதான். அவன் கெட்டவன் இல்லை. நன்றாக ஓட்டுவான். ஆனால் ஜூன் திருவிழாப் போட்டி வந்துவிட்டால் தலைகால் புரியாது. நீங்களும் பார்த்துக் கைதட்டியிருப்பீர்கள். வாழைத்தார், மூட்டை, கட்டில், பீரோ என்று ஒரு வீட்டையே பின்னால் ஏற்றி, முன் சக்கரம் இரண்டையும் ஆகாயத்தில் தூக்கிவிட்டு, டிரைவர் வெளியே படியில் நின்றுகொண்டு வண்டியை வட்டமடிக்க விடுவான். கடைசியில் முன்பக்கம் தொப்பென்று தரையில் விழும். கூட்டம் அதற்குத்தான் கூச்சல் போடும். எனக்கு அது என் மேலேயே விழுகிற மாதிரி இருக்கும். ஏழு வருடம் விழுந்தது.

ஒரு நாள் காப்பிக் கடையில் அவனிடம் வண்டியைக் கேட்டேவிட்டேன்.

"அவள எங்கிட்டக் குடுத்துடுப்பா. நீ கொஞ்சங் கொஞ்சமா சாகடிக்கிற."

அவன் சிரித்தான். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "என்னைக்கு இவளப் பாத்து எனக்குப் பயம் வருதோ, அன்னைக்கு உன் பட்டறையில கொண்டாந்து விட்டுடறேன். கார்மென் மாதா மேல சத்தியம்."

டிரைவர்கள் அந்த மாதாவின் பெயரை விளையாட்டுக்கு எடுக்க மாட்டார்கள். ஜூலையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தீர்த்தம் தெளித்துக்கொள்வது அவள் பெயரில்தானே. அதனால் நான் காத்திருந்தேன்.

ஆகஸ்டில் வந்தான். முகம் வெளுத்திருந்தது. நாற்பதில் போகும்போது பாலத்துக்கு முந்தைய பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்த மாதிரி இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டன, ஸ்டியரிங் கையை உதறித் தள்ளியது, கிட்டத்தட்ட நிறுத்திய பிறகுதான் அடங்கியது என்றான். ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அவனை உட்காரச் சொல்லி ஸ்டியரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்கச் சொன்னேன். நான் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன். கண்ணைவிட விரலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். ஸ்டியரிங்கின் அசைவை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கை ஒன்று நடுவில் இருக்கிறது. அதைத் தாங்குகிற இரும்பில் மயிரிழை விரிசல். திருவிழாவில் விழுந்து விழுந்து வந்தது. கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "டயருதான், ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு" என்றேன்.

டயரை மாற்றினான். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தான். சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் முனைகளை மாற்றினேன். அவையும் தேய்ந்துதான் இருந்தன, அது பொய் இல்லை. மறுபடி வந்தான். சக்கரத்து பேரிங்குகளை மாற்றினேன். நான் மாற்றிய ஒவ்வொன்றும் மாற்ற வேண்டியதுதான். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். வண்டிக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயம் அவனுக்குள் ஊறுவதற்கு நேரம் கொடுத்தேன்.

ஊறவும் செய்தது. செப்டம்பரில் ஒரு தடவை சாவியை என் மேசையில் வைத்தான். எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போதுதான் அவன் தங்கை ருபியேலா உள்ளே வந்தாள். மலைமேலிருந்து சனிக்கிழமைதோறும் அதே வண்டியில் சந்தைக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவருகிறவள். பின்படியில்தான் நிற்பாள், உள்ளே இடம் இருந்தாலும். இறங்க வேண்டுமென்றால் கூரையில் இரண்டு தட்டு. எனக்கு வாராவாரம் சோளமாவில் சுட்ட அரேப்பா இலையில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பாள்.

"என்னண்ணே, இரும்புக்குப் பயந்துட்டியா?" என்று அவனைக் கிண்டல் செய்தாள். "அம்மா பாவாடைய எடுத்துத் தரவா, கட்டிக்க?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டான். அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சம் அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். போட்டிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? "பின்னாடி பாரம் கூட ஏத்துனா ஆட்டம் நின்னுடுதுப்பா. வாழைத்தாரெல்லாம் வண்டி வால்ல கட்டிட்டேன், ஆளுங்களையும் பின்படியில நிக்க வச்சேன். வெண்ணெ மாதிரி போகுது. அப்படியே ஓட்டலாமில்ல?"

ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். பாரம் வாலுக்குப் போனால் முன் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். ஆட்டம் கைக்குத் தெரியாது. நோய் போகவில்லை, நோயைச் சொல்லும் வாயைக் கட்டியாகிவிட்டது. விரிசல் அதன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், முன்னறிவிப்பு மட்டும் இருக்காது. இறக்கத்தில் திருப்பினால் திரும்பாது.

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ருபியேலா முதல் நடையில் சந்தைக்கு வந்துவிட்டு, அரேப்பாவை வைக்கும்போது கேட்டாள்: "அண்ணன் சரியாயிடுச்சுங்குது. நீங்க சொல்லுங்க, சரியாயிடுச்சா? அடுத்த நடையில புள்ளைங்களும் வருது."

"நல்லா இருக்கு" என்றேன். அரேப்பா சூடாக இருந்தது. அதைத் தின்றேன்.

அவள் பிள்ளைகளை அழைத்துவர மேலே போனாள். திரும்பி வரும்போது பதினோரு மணிக்கு, பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில், விரிசல் விட்ட அந்த இரும்பு முறிந்தது. உங்களிடம் படமெல்லாம் இருக்கும். ஏழு பேர் செத்தார்கள், ருபியேலாவும் பிள்ளைகளும் உட்பட. ஆர்சேசியோ மட்டும் கால் முறிந்து பிழைத்தான். உங்கள் ஆட்கள் வண்டியைப் பார்த்துவிட்டு அதிகப் பாரம் என்று எழுதினார்கள். அதுவும் பொய் இல்லை. தான்தான் கொன்றதாக அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லி அனுப்பினான். "பயந்துட்டேன்னு சொல்லு. வண்டிய அவன வச்சுக்கச் சொல்லு." சொன்ன சொல் தவறாதவன்.

ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். வண்டியின் அடிச்சட்டத்தை நிமிர்த்தினேன். அந்தத் தாங்கும் இரும்பு புதிது, மூட்டு புதிது, பின்னால் பாரம் தாங்கும் வில்பட்டைகள் புதிது. வெளியே எடுத்தேன். நாற்பதில் ஆடியது. பிரித்தேன், மாட்டினேன், மறுபடி ஆடியது. அப்போதுதான் பின்பக்கத்தைக் கவனித்தேன். காலி வண்டியின் வால் இரண்டு விரல் இறங்கி நிற்கிறது. புது வில்பட்டை அப்படி இறங்காது. வேறு பட்டை போட்டேன். அதே இரண்டு விரல். மூட்டைகளை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு விரல் இறங்க, பெரியவர்கள் நாலு பேரும் பிள்ளைகள் மூன்று பேரும் வேண்டும்.

பாலத்துக்கு முந்தைய வளைவில் கூரையில் இரண்டு தட்டு கேட்கும். முதல் நாள் நிறுத்தினேன். கீழே இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. வால் ஏறவும் இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறேன், இறங்கக் கொஞ்ச நேரம் கொடுக்கிறேன். அவர்கள் இறங்குவதில்லை.

எனக்கு இரவில் நல்ல தூக்கம் வருகிறது அம்மா, அதற்காக வரவில்லை. ஆர்சேசியோவுக்காகவும் வரவில்லை. வால் ஏறுவதற்கு வண்டியில் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான் பாக்கி. எனக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் வருவதும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் நல்லா இருக்கு என்றேன்.

எழுதிவிட்டீர்களா? எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். வண்டி வெளியேதான் நிற்கிறது. நீங்கள் என்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு நிமிடம் விடுங்கள், வால் ஏறிவிட்டதா என்று அளந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.