சின்ன நீலம்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் பன்னிரண்டு தறி, ஒரு சாயப்பட்டறை, மாடி வீடு எல்லாம் யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவன். இருந்தும் ஆரணியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில்தான் போவேன். போன வாரம் கடைசி நீள இருக்கையில் என் பக்கத்தில் ஒரு நெசவாளி, அவர் மனைவி, ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் மகள். மறுநாள் அவளுக்கு விமானம். அங்கே அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, மகன் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை கேட்டிருந்தாராம். அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்து, மகள் பார்க்குமுன் பெட்டியில் வைத்தது. மகள் பெட்டியைத் திறந்தாள்.

“இன்னாப்பா இது, ஒடம்பெல்லாம் குட்டி குட்டியா நீல புட்டா?”

“நீதானம்மா போன்ல சொன்ன, சினென்கியேன்னா ரஷ்ய பாஷையில சின்ன நீலம்னு.”

“அது கத்திரிக்காப்பா. அவங்க ஊரு பக்கம் செல்லமா அப்படிச் சொல்லுவாங்க. சேலைய கத்திரிக்கா கலர்ல கேட்டாங்க.”

“கத்திரிக்காய்க்கு வேற பேரே இல்லியா அங்க?”

“இருக்குது. பக்லஜான். பாரசீகத்துலேர்ந்து வந்த பேரு. நம்ம பாய்ங்க சொல்ற பைங்கனுக்குச் சொந்தம்.”

“அதச் சொல்லியிருந்தா எதிர்வீட்டு பாயையாவது கேட்டிருப்பேன்.”

மகளின் அம்மா சேலையை விரித்தார். “ஊதாவ நீலம்னு சொல்லிகினு இருக்கறவங்களுக்கு இது போதும். புட்டா தலையில பச்ச இழை வெச்சிருக்காரு உங்கப்பா. காம்பு மாதிரிதான் கீது. கத்திரிக்கா தோட்டம்னு சொல்லிக் குடுடி.”

மகள் படம் பிடித்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“இன்னாம்மா சொல்றாங்க?”

“எண்ணெயில வதக்கலாமான்னு கேக்கறாங்க. ரொம்பப் புடிச்சிருக்காம்.”

நல்லது. ஆனால் அந்தப் படத்தில் சேலைக்கு அடியில் தெரியும் முழங்கால் இரண்டும் என்னுடையவை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மடியில்தான் விரித்தார்கள். ரஷ்யாவில் யார் அந்தச் சேலையைப் புகழ்ந்தாலும் என் மடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.