புகார் எண்ணுக்கு வந்தவை

தேடுகிறவர்கள் முதலில் வருவதைத் தாண்டிப் போவதில்லை. மேலே விளம்பரம் என்று எழுதியிருந்தாலும் படிப்பதில்லை. பதினோரு வருடமாக என் சோறு இதில்தான் வருகிறது.

ஒரகடத்தில் என் அலுவலகம் ஒற்றை அறை. இணையத்தில் தேடும்போது வாடிக்கையாளரின் பெயர் முதலில் வரச் செய்வது வேலை. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொன்னதில்லை. எதிரெதிரே கிரேன் வாடகைக்கு விடும் இருவருக்கு நான்கு வருடமாக வேலை செய்கிறேன். இருவருக்கும் அது தெரியாது. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நாகப்பன் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர். வல்லம் வடகாலில் அவர்களுக்கு விடுதியும் நடத்துகிறார். யாரோ புகார் செய்து இரண்டு முறை அதிகாரிகள் வந்துவிட்டார்கள். மூன்றாம் முறை வரக் கூடாது என்று என்னிடம் வந்தார்.

"பெண் தொழிலாளர் புகார் எண்" என்று தேடினால், விடுதியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் மட்டும் தெரியும்படி ஒரு விளம்பரம் போட்டேன். தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். நீல நிறம், தராசுப் படம். பெயர், அறை எண், புகார். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும் என்றும் போட்டேன். அது இல்லாவிட்டால் பெயர் எழுத மாட்டார்கள். அரசின் அசல் எண் நான்காவதாக இருந்தது. யாரும் அதுவரை விரலை நகர்த்தவில்லை.

வந்ததைப் படித்து நாகப்பனுக்கு அனுப்புவேன்.

"இன்னா சார், ரூம் நம்பர் மொதக்கொண்டு எழுதிக் குடுக்குறாளுங்க" என்று சிரித்தார். "வார்டனை நான் எதுக்கு வச்சிகினு கீறேன்?"

முதல் மாதம் பதினாறு பேர். சாம்பாரில் புழு, குளியலறையில் தாழ்ப்பாள் இல்லை. பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதுவதுபோல் "ஐயா, வணக்கம்" என்று தொடங்குவார்கள். பன்னிரண்டு வருடம் படித்தவர்கள்.

கவியாவுக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம். மேற்பார்வையாளர் சக்திகுமாரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, தூங்கும்போது அறைக்குள் வருகிறான், சாட்சி சொல்ல இருவர் இருக்கிறார்கள் என்று எழுதினாள். அந்த இருவரின் பெயரையும் எழுதினாள். அனுப்பினேன்.

மறுநாள் அவளை மேல்மாடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். அவளே எழுதியிருந்தாள். புகார் தெரிந்துவிட்டது, இந்த அறைச் சாவியும் அவனிடம் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள். அதையும் அனுப்பினேன்.

வியாழக்கிழமை விடுதிக்குப் பின்னால் பாசனக் கிணற்றில் கிடந்தாள். நான் அந்தக் கிணற்றைப் பார்த்ததுகூட இல்லை.

அந்த இணையப் பக்கத்தில் தொடர்பு எண்ணாகக் கொடுத்திருந்தது என் இரண்டாவது சிம். சனிக்கிழமை அவளுடைய அப்பா ஆறுமுகநயினார் அதில் அழைத்தார்.

"கவர்மெண்ட் ஆபீசாய்யா? எம் மவ ஒங்களுக்கு ரெண்டு தடவ எழுதிருக்கா. போன்ல கெடக்கு. அவ தானா விழலய்யா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அரசாங்கத்தை நம்புகிற மனிதர். மகளும் அப்படித்தான். வாடிக்கையாளர் விஷயத்தை மூன்றாம் ஆளிடம் பேசுவது என் வழக்கமில்லை. அதனால் கேள்வி மட்டும் கேட்டேன். மகளின் போன் தன்னிடம்தான் இருக்கிறது என்றார். தங்கியிருப்பது சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷன் எதிரே லாட்ஜ், பதினான்காம் எண் அறை.

"ஆபீசருங்க வருவாங்க. வெளிய எங்கயும் போவாதீங்க" என்றேன்.

"போவலய்யா. இங்கனயே இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் நடந்ததை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அறை எண்ணை நாகப்பனைத் தவிர வேறு ஒருவருக்கும் நான் கொடுக்கவில்லை.