அடுத்த வருஷக் கலண்டர்

வெள்ளவத்தையில் பஸ் ஏறியபோது கொட்டாஞ்சேனை வரை தூங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். முன் சீட்டில் டை கட்டிய ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

“எங்கட கொம்பனி மூண்டு மாசம் நிக்குமோ தெரியாது. நான் அடுத்த வருஷக் கலண்டர் அடிக்கக் குடுத்திட்டன்.”

“உமக்கென்ன விசரோ?”

“மீட்டிங் வைச்சு, ஒருத்தரும் பயப்பட வேண்டாம் எண்டு சொன்னனான். அண்டைக்கே ரெண்டு பேர் வேற இடத்தில வேலை தேடத் தொடங்கிட்டினம். பிறகு கலண்டருக்கு என்ன படம் போடுவம் எண்டு கேட்டன். பிள்ளையாரோ, மாதாவோ, பூவோ எண்டு பெரிய சண்டை. அதோட ஒருத்தரும் போற கதை கதைக்கேல்லை.”

நண்பர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

“நேற்று ஸ்டோர்ஸ் பார்க்கிற அக்கா வந்தவ. வாற வருஷம் வைகாசியில மகளுக்குக் கலியாணமாம். பத்து நாள் லீவு வேணுமாம்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓமெண்டிட்டன்.” மணியை அடித்துவிட்டு எழும்பினார். “இனி வைகாசி வரைக்கும் எப்பிடியும் கொம்பனியைப் பூட்டேலாது.”