ராணி நலமாக இருக்கிறாள்

உண்மையைச் சொன்னால் எனக்குப் பூனைதான் பிடிக்கும், சார். நான் வேலை செய்யும் எடை மேடைக் கூண்டுக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. மதியத்தில் படியில் வந்து உட்காரும். கூப்பிட்டால் வராது, விரட்டினால் போகாது. அதைத்தான் முதலில் படம் பிடித்துப் போட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலை ஒன்றின் வாசலில் லாரிகளை எடை போடுவது என் வேலை. ஒரு நாளைக்கு நூற்று முப்பது வண்டி வரும். டிரைவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார்கள், நான் சீட்டைக் கொடுப்பேன். என் பெயர் தாவீது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே தங்கை விக்டோரியா அத்திப்பட்டில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமையவில்லை.

ஃபேஸ்புக்கில் அறுபதாயிரம் பேர் இருந்த ஒரு குழு அது. பெயர் 'நாலு கால் நண்பர்கள்'. பூனையா நாயா என்று தினமும் சண்டை நடக்கும். என் பூனைக்கு ஒன்பது லைக் வந்தது. ஒரு பெண் 'அழகு' என்று எழுதியிருந்தார். 'நன்றி, சாப்பிட்டீர்களா' என்று கேட்டேன். பதில் இல்லை.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன், சார். கூண்டில் யோசிக்க நேரம் உண்டு. பூனை நம்மைப் பார்க்காது. அதனால் அதன் படத்தின் மேல் அவரவர் ஒரு வேடிக்கையை எழுதிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பூனைக்கு யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை. நாய் நேராகப் பார்க்கும். பார்த்தால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். பூனைக்கு லைக் அதிகம் வரலாம், ஆனால் நாளைக்குத் திரும்பி வந்து விசாரிப்பது நாயைத்தான். அதிலும் அடிபட்ட நாயை.

இது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. போன கார்த்திகை மழையில் ஆலை வாசலில் ஒரு செவலை நாயின் வலது பின்னங்காலில் லாரிச் சக்கரம் ஏறிவிட்டது. அதை நான் செய்யவில்லை. சாக்கில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மாவுக்கட்டு போட்டார்கள். படத்தைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மூவாயிரம் பேர். அவர்களே ஓட்டெடுப்பு நடத்தி 'ராணி' என்று பெயர் வைத்தார்கள். காலையில் கண் விழித்ததும் 'ராணி எப்படி இருக்கா?' என்று இருநூறு பேர் கேட்டிருப்பார்கள். 'நாய் இருக்கட்டும், நீங்க சாப்டீங்களா அண்ணா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் பலமுறை படித்தேன்.

இருபத்திரண்டாம் நாள் ராணி ஓடினாள். அந்த வீடியோவுக்கு ஏகப்பட்ட இதயங்கள். அடுத்த நாள் யாரும் வரவில்லை. நான்கு நாள் பொறுத்துவிட்டு, 'ராணி நலமாக இருக்கிறாள்' என்று நானே எழுதினேன். இரண்டு லைக்.

பிறகு ராணிக்கு மறுபடியும் கால் உடைந்தது. அன்று அப்படித்தான் எழுதினேன். உடைத்தேன் என்று உங்களிடம் சொல்கிறேன். வலி மாத்திரையை முன்பே வாங்கி வைத்திருந்தேன், அவளை அதிகம் தவிக்க விடவில்லை. ஒரே டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று இந்த முறை பொன்னேரிக்குக் கொண்டுபோனேன். அன்று மாலை எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

ராணியோடு சேர்த்து மொத்தம் ஐந்து நாய்கள். எல்லாமே பிழைத்தன. என் அறையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன், ஒன்றைக்கூட நான் பட்டினி போடவில்லை.

நர்மதா அந்தக் குழுவில்தான் பழக்கம். பெரியபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என் அறைக்கு வந்தார். நான் இருப்பது முதல் மாடி, வெளியே இரும்புப் படிக்கட்டு. கீழே பூட்டிக் கிடக்கும் குடோன். அந்தப் படியில் எனக்காக யாரும் ஏறி வந்ததில்லை.

"பஸ் மாறி வந்தேண்ணா. புளிசாதம் கட்டிக்கினு வந்தேன். மொதல்ல நீ துன்னு, அப்பறம் நாய்ங்களப் பாக்கலாம்" என்றார்.

நான்கு ஞாயிறு வந்தார். ஒருமுறை என் சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்து, பையிலிருந்து ஊசி எடுத்துத் தைத்துக் கொடுத்தார். ஐந்தாவது ஞாயிறு நாய்களின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணா இது, அஞ்சுக்கும் வலது பின்னங்கால்தான். அதுவும் ஒரே எடத்துல."

"லாரி திரும்புற வளைவும்மா அது. அங்க அப்படித்தான் அடிபடும்."

"ராணி உன்னப் பாத்தா ஏண்ணா ஒண்ணுக்குப் போவுது?"

அவர் கோபப்படவில்லை. தன் சேலைத் தலைப்பால் தரையைத் துடைத்தார்.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். இதுங்கள ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன், இன்னிக்கு ராணி, அப்பறம் மத்ததுங்க. நீ மனசு டாக்டர் ஒருத்தராண்ட போயி காட்டுண்ணா. தனியாப் போவ பயமா இருந்தா நான் கூட வரேன்."

அவர் சொன்னதில் இட்டுக்கினு போறேன் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் நின்றது. ராணியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு அவர் படியில் இறங்கினார். நாய்கள் போனால் அவர் எதற்கு இங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது படியில் தள்ளினேன்.

ராணி எழுந்து ஓடிவிட்டாள், நொண்டவில்லை. நர்மதா எழவில்லை. உடனே நூற்றெட்டுக்கு போன் செய்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கையால் படம் எடுத்தேன். 'ராணியைக் காப்பாற்றப் போய் நம் நர்மதா அக்கா விழுந்துவிட்டார், பிரார்த்தனை செய்யுங்கள்' என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதினோராயிரம் பேர். பூனைக்காரர்கள், நாய்க்காரர்கள், இரண்டு கட்சியும். அன்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

ஏழு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே இருந்தேன், நாய்களுக்குச் சோறு வைக்க மட்டும் அறைக்குப் போய்வந்தேன். காட்டுப்பள்ளியில் வேலை பார்க்கும் வெங்கடேசன் என்ற முன்பின் தெரியாத ஆள், குழுவில் படத்தைப் பார்த்துவிட்டு, இட்லி வாங்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். "ஒடம்பொறப்புகூட இப்டி பாத்துக்காதுண்ணா" என்று தோளில் கை வைத்தார். நான் அழுதேன். அது நடிப்பில்லை, சார்.

எட்டாம் நாள் நர்மதா கண் விழித்தார். நான் கட்டிலுக்கு அருகில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பேசினார். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

அவர் சொன்னது எல்லாமே சரி. நான் எதையும் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். இடுப்பு எலும்பு கூடி அவர் நடக்க மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை பக்கத்தில் ஆள் வேண்டும். அவருக்கென்று யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர? வீட்டுக்கு என்றைக்கு அனுப்புகிறார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், சார்.